வெயிலுக்கு ஆகாத வாத்தியம்

ஓபோவை வெயிலில் வைக்கக் கூடாது. கெட்டியான கருமரத்தைக் குடைந்து செய்த ஊது வாத்தியம் அது. வெளியே சூடேறி உள்ளே குளிர்ந்திருந்தால் நீளவாக்கில் விரிசல் விட்டுவிடும். அதனால் ஜூலை மாதத்தில் எங்கள் பள்ளி இசைக்குழு பேஸ்பால் அணிக்கு வாசிக்க மைதானத்துக்குப் போகும்போது, டிரம்பெட், டிராம்போன், டிரம் எல்லாம் லாரியில் ஏறும். ஓபோ மட்டும் பெட்டிக்குள் இசை அறையிலேயே இருக்கும். அதை வாசிக்கும் தோகுரா வகானாவுக்கு அன்றைக்கு வாசிக்க ஒன்றும் இருக்காது.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. அவள்தான் அட்டை பிடிப்பவள்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் அணி பேட் பிடிக்கும்போது மட்டும் நாங்கள் வாசிப்போம். எதிரணி பேட் பிடிக்க வந்தால் அவர்கள் குழு வாசிக்கும், நாங்கள் பார்லி டீ குடிப்போம். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு பாட்டு உண்டு. அவன் பேட்டோடு கட்டத்துக்குள் கால் வைக்கும்போது அவன் பாட்டு தொடங்கியிருக்க வேண்டும். அவன் அடிக்கும் வரை, அல்லது அவுட் ஆகும் வரை, அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். பிறகு சட்டென்று நிறுத்தி அடுத்தவன் பாட்டுக்குத் தாவ வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முப்பத்தெட்டுப் பேர் பார்வையாளர் படிகளில் மேலும் கீழுமாகப் பரவி உட்கார்ந்திருக்கிறோம். கடைசிப் படியில் பெரிய டிரம்மோடு நிற்பது நான். நான் அடிக்கும் அடி முன்வரிசை டிரம்பெட்காரர்களின் காதுக்குப் போய்ச் சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. கேட்பதற்குக் கொஞ்சம்தான், பாட்டில் அது ஊர் சிரிக்கும் அளவு தாமதம். ஆகவே மைதானத்தில் நாங்கள் காதை நம்புவதில்லை, கண்ணை நம்புகிறோம். கம்பித் தடுப்பை ஒட்டி முன்னால் ஒருத்தி நின்று, அடுத்த ஆட்டக்காரனின் பெயரும் பாட்டின் எண்ணும் எழுதிய பெரிய அட்டையைத் தலைக்கு மேல் தூக்குவாள். எல்லோரும் பார்த்துவிட்டோம் என்று தெரிந்ததும் அதை ஒரு சாண் இறக்கி ஏற்றுவாள். அந்த இறக்கம்தான் முதல் அடி. அதே அட்டையைப் பார்த்து ஆரவாரக் குழுத் தலைவன் செனோ அந்தப் பெயரைக் கத்துவான். மாணவர்களும் பெற்றோருமாக முந்நூறு பேர் அவன் பின்னால் கத்துவார்கள்.

அட்டையில் எழுதுவது குடும்பப் பெயர். வெளியில் நாங்கள் எல்லோரும் குடும்பப் பெயரில்தான் நடமாடுகிறோம். மூன்று வருடம் அருகருகே உட்கார்ந்தும் வகானா என்னை ஓகி என்றுதான் கூப்பிடுகிறாள், நான் அவளைத் தோகுரா என்கிறேன். இட்ட பெயரை மொட்டையாகச் சொல்லும் உரிமை அம்மாவுக்கும் அக்காவுக்கும் உண்டு. அப்புறம் ஒரே ஒரு ஆளுக்கு. இங்கே அவளை வகானா என்று எழுத அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

முந்நூறு பேர் பார்க்கும் இடத்தில் போய் நிற்கிற பெண்ணுக்குத் தைரியம் அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். வகுப்பில் வருகைப் பதிவின்போது அவள் சொன்ன பதில் கேட்காமல் இரண்டு தடவை அவளுக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். அட்டை வேலையை அவள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அதில் பேச வேண்டியதில்லை. இன்னொன்று, அட்டை முக்கால் மீட்டர் அகலம். கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தால் முகம் முழுக்க மறைந்துவிடும்.

அவளைப் போலவே பேசாமல் வேலை செய்கிற ஒருவன் மைதானத்துக்குள் இருந்தான். ஹமானோ, மூன்றாம் ஆண்டு, பதினெட்டாம் எண் சட்டை. மாற்று ஆட்டக்காரன். மூன்று வருடத்தில் ஒரு போட்டியில்கூட அவன் பேட் பிடித்ததில்லை. எங்கள் அணி அடிக்கும்போது அவன், ஓடுகிறவர்கள் தொட்டுப் போகும் மூன்றாம் தளத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் நின்று, ஓடி வருகிறவர்களுக்குச் சைகை காட்டுவான். ஓடுகிறவனால் பந்தைத் திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் வேகம் போய்விடும். அவனுக்குப் பதிலாகப் பந்தைப் பார்ப்பவன் ஹமானோ. வலது கையைப் பெரிய வட்டமாகச் சுழற்றினால் நிற்காமல் ஓடு என்று அர்த்தம். இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டினால் அங்கேயே நில். இந்த வருடம் அவன் கை சுழற்றி அனுப்பிய ஒருவன்கூட அவுட் ஆகவில்லை. ஆட்டக் குறிப்பேட்டில் இதை எழுத ஓர் இடமும் இல்லை. வகானா எண்ணி வைத்திருந்ததால் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் மூன்றாம் தளப் படிகள். அவன் மைதானத்தைப் பார்த்து நிற்பான், அவள் எங்களைப் பார்த்து நிற்பாள். நடுவில் ஒரு கம்பி வலையும் பத்துப் பதினைந்து மீட்டர் புல்லும். எங்கள் அணி பேட் பிடிக்கும் நேரம் முழுவதும் அந்த இரண்டு பேரும் முதுகோடு முதுகாக நிற்பதை மேல்படியிலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

தொத்தோரி மாகாணத்தில் பள்ளிகள் குறைவு. இரண்டு ஆட்டம் ஜெயித்தால் காலிறுதி. அந்த வருடம் எப்படியோ இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டோம். மழையால் தேதி தள்ளிப்போய், கோடை விடுமுறையின் ஐந்தாம் நாளில் காலிறுதி என்றார்கள். எதிரணி ஒரு பெரிய தனியார் பள்ளி. யாரும் வெளியே சொல்லவில்லை, ஆனால் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அதுதான் கடைசி ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். தோற்ற நாளோடு அவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு நுழைவுத் தேர்வுப் புத்தகங்களை எடுப்பார்கள்.

விடுமுறையின் முதல் நாள் மதியம் இசை அறையில் வகானா என் முன்னால் உள்ளங்கை அளவுத் தாள்களை வரிசையாக அடுக்கினாள். பதினான்கு தாள்கள், எல்லாம் அவள் கையெழுத்து. ஒவ்வொன்றும் ஒரு வாத்தியத்துக்கு. ஒரே சுரத்தை டிரம்பெட்டுக்கு ஓர் இடத்திலும் ஹார்னுக்கு வேறு இடத்திலும் எழுத வேண்டும். குழாயின் நீளம் மாறினால் கணக்கும் மாறும். அந்தக் கணக்கில் ஒரு பிழைகூட இல்லை.

"யாருக்குடி இது?" என்று கேட்டேன்.

"ஹமானோவுக்கு."

"அவன்தான் பாட்டு வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கானே."

"தெரியும்."

பேஸ்பால் அணியிலிருந்து பாட்டுப் பட்டியல் மே மாதமே வந்திருந்தது. ஹமானோவின் பெயருக்கு எதிரே, 'நான் பேட் பிடிக்கப் போவதில்லை, பயிற்சி நேரத்தை மற்றவர்களுக்குக் கொடுங்கள்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. படித்துவிட்டு எல்லோரும் நல்ல பையன் என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விட்டோம். வகானா போகவில்லை.

பாட்டின் கதையை அவள் சொல்லச் சொல்ல எனக்கு வியப்புத் தாங்கவில்லை. ஓபோவின் உயிர் அதன் சீவாளியில் இருக்கிறது. நாணலைக் கத்தியால் மெல்லிசாகச் சீவி, இரண்டு இதழாகச் சேர்த்துக் கட்டுகிறார்கள். புதுச் சீவாளியைக் கட்டியவுடன் கச்சேரிக்கு எடுக்க முடியாது. தினமும் ஐந்து நிமிடம் வாசித்துப் பழக்க வேண்டும். அதற்கென்று வகானா தானே ஒரு சின்ன மெட்டுப் போட்டு வைத்திருந்தாள். எட்டுத் தாள வட்டம்தான். சாயங்காலம் மூன்றாம் மாடி ஜன்னலருகே நின்று அதைத்தான் வாசிப்பாள். புதுச் சீவாளியில் மேல் சுரம் ஒன்று நிற்காது. ஆறாவது வட்டத்தில் அது வழுக்கி அரைச்சுரம் கீழே போய்விடும். நாணல் பழகினால் வழுக்கல் மறையும். மறைந்துவிட்டால் சீவாளி தயார், மெட்டுக்கும் வேலை முடிந்தது.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் ஹமானோ நீளக்கோல் பலகையை இழுத்து மைதானத்து மண்ணைச் சமன் செய்துகொண்டிருந்தான். விசில் அடித்துக்கொண்டே இழுத்தான். ஜன்னலில் இருந்த வகானாவுக்குக் கேட்டது. அவளுடைய மெட்டு. ஆறாவது வட்டத்தில் சுரம் வழுக்கி விழுந்ததும் அப்படியே வந்தது. அந்த மெட்டு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது.

பாட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டான் என்று அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். வழுக்கும் சுரத்தை அவள் திருத்தவில்லை. அதை டிராம்போனுக்குக் கொடுத்திருந்தாள். குழாயை நீட்டியும் இழுத்தும் வாசிக்கிற வாத்தியம். வழுக்குவது அதற்குப் பிறவிக் குணம். இந்த இடத்தைப் பார்த்ததும் நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். கேட்டால் வாய் திறக்காத பெண்ணுக்குள் இவ்வளவு வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. எல்லா வாத்தியமும் சேர்ந்த மூலத்தாளின் மூலையில் பென்சிலால் எதையோ எழுதி, அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காதது போல் இருந்தேன்.

குழுவை நடத்தும் யாஜிமா டீச்சர் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நடுவில் ஒருமுறை ஆறாவது வட்டத்தில் விரலை வைத்து மெல்ல முணுமுணுத்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு, பயிற்சிக்கு நேரம் ஒதுக்குகிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை.

"அவன் வேண்டாம்னு கைப்பட எழுதிக் குடுத்திருக்கான், தோகுரா. அவனைக் கேக்காம வாசிச்சா, நமக்கு நல்லாயிருக்கும், அவனுக்கு எப்படி இருக்கும்னு தெரியாது. எழுதினவ நீ. நீயே போய்க் கேளு. சரின்னு சொன்னா வாசிப்போம். இல்லன்னா இது பையிலயே இருக்கட்டும்."

ஒரே ஒரு கேள்வி. 'உனக்கு ஒரு பாட்டு எழுதியிருக்கேன், வாசிக்கட்டுமா?' அவ்வளவுதான். கையில் நான்கு நாள் இருந்தது.

இரண்டாம் நாள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் இருக்கிற குழாய் வரிசையில் ஹமானோ முகம் கழுவிக்கொண்டிருந்தான். வகானா போய் அடுத்த குழாயைத் திறந்து கை கழுவினாள். அவன் முகம் கழுவி முடித்தான், கை கழுவினான், தலையை நனைத்தான். அவள் இன்னும் கையையே கழுவிக்கொண்டிருந்தாள். கையில் துடைக்க ஒன்றும் இல்லை போல என்று நினைத்து அவன் தன் துண்டை நீட்டினான். அவள் துண்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். இசை அறைக்கு வந்த பிறகுதான் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

மூன்றாம் நாள் அந்தத் துண்டு துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து மைதானத்து வேலியில் தொங்கியது. கேட்பதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அவளோ துண்டை மாட்டிவிட்டுச் செடிக்குப் பின்னால் நின்றாள். அதே நாள், கேள்வியை ஒரு சீட்டில் எழுதி, பள்ளி வாசலில் இருக்கும் அவனுடைய காலணி அலமாரிக்குள் போட்டாள். போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான், விடுமுறையில் பேஸ்பால் பையன்கள் முள் காலணியோடு நேரே மைதானத்துக்குப் போய்விடுவார்கள், செப்டம்பர் வரை அந்த அலமாரியைத் திறக்கவே மாட்டார்கள் என்று அவளுக்கு உறைத்தது. திரும்பப் போய் எடுத்து வந்தாள்.

நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்கு அவனிடம் பேசுவதில் ஒரு கஷ்டமும் இல்லை; இரண்டு பேரும் ஒரே பேருந்து.

"வேணாம், ஓகி. நான்தான் கேக்கணும்."

"டீச்சர் சொன்னதுக்காகவா?"

அவள் தலையாட்டினாள், ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்போல. நான் விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் குழு அந்தப் பாட்டைப் பயின்றது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, முப்பத்தைந்து டிகிரி வெக்கையில், மைதானத்துக்குக் கேட்காமல் வாசித்தோம். டிராம்போன்காரர்கள் வழுக்கும் இடம் வந்தாலே சிரித்துவிடுவார்கள். நான்காம் நாள் சாயங்காலம் நாங்கள் பாட்டுக்குத் தயார். பாட்டு அவனுக்குப் போக அனுமதி இல்லை.

காலிறுதியன்று காலையில் பேருந்தில் யாஜிமா டீச்சர் திரும்பிப் பார்த்து, கேட்டியா என்றார். வகானா இல்லை என்று தலையசைத்தாள். டீச்சர் திட்டவில்லை. சரி என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் வகானா புது அட்டை ஒன்றை மடியில் வைத்து, மூலத்தாளைப் பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு, தடித்த பேனாவால் ஏதோ எழுதினாள். பேருந்து குலுங்கிக்கொண்டே போனது. எழுதி முடித்து அதை அடுக்கின் அடியில் செருகினாள்.

வெயில் படிகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பித்தளைக் குழாய் சூடேறினால் சுரம் மேலே ஏறும், அதனால் எல்லோரும் ஈரத் துண்டைச் சுற்றி வைத்திருந்தார்கள். வகானா மட்டும் தொப்பியோடு, எட்டு இன்னிங்ஸும் அட்டையைத் தூக்கி நின்றாள். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பவளுக்கு ஆட்டம் எங்கள் முகத்தில்தான் தெரியும். நாங்கள் வாயைப் பிளந்தால் அடுத்த அட்டை, உதட்டைக் கடித்தால் அடுத்த அட்டை. ஒரு தடவைகூட அவள் பிந்தவில்லை. நான் அடித்த ஒவ்வொரு அடியும் அவள் கை இறங்கியதிலிருந்து பிறந்தது.

கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் ஐந்துக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தோம். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் அவுட் ஆனால் எல்லாம் முடிந்தது. எட்டாம் வரிசைப் பையன் வரவேண்டிய நேரம். வகானா அவன் அட்டையைத் தூக்கத் தொடங்கியபோது ஒலிபெருக்கி கரகரத்தது. அவனுக்குப் பதிலாக ஹமானோ பேட் பிடிக்கிறான் என்று அறிவித்தார்கள்.

எங்கள் முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வகானாவைப் பார்த்தன. தூக்கிய அட்டை பாதியில் நின்றது. பாட்டு இல்லாதவன் வந்தால் வாசிக்க ஒரு பொதுப் பாட்டு உண்டு, அதன் அட்டை மேலேயே இருந்தது. அதைத் தூக்கினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவள் குனிந்தாள். அடுக்கின் அடியிலிருந்து அந்த அட்டையை உருவினாள்.

குழுவைத் தயாராகச் சொல்லும் கோலை டீச்சர் உயர்த்தவில்லை. "தோகுரா" என்று மட்டும் சொன்னார்.

வகானா அப்போது செய்ததை அட்டை பிடிப்பவள் எவளும் செய்ய மாட்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். சைகைக் கட்டத்திலிருந்து ஹமானோ பேட் எடுக்க எங்கள் பக்கமாக ஓடி வந்துகொண்டிருந்தான். அவள் கம்பித் தடுப்பின் மேல் எக்கி, இரண்டு கையாலும் அந்த அட்டையை அவன் பார்க்க நீட்டினாள்.

அவன் நின்றான். பாட்டு இருக்கிறவனுக்குத்தான் அட்டை இருக்கும் என்பது அணியில் எல்லோருக்கும் தெரியும். அவன் அட்டையைப் படித்தான். அவனுடைய முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு வரியைப் படிக்க ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் அவன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பிறகு வலது கையைத் தூக்கி, தோளிலிருந்து, ஒரு பெரிய வட்டமாகச் சுழற்றினான்.

நிற்காமல் ஓடு.

"கேட்டாச்சு" என்றார் யாஜிமா டீச்சர். கோல் உயர்ந்தது.

வகானா எங்கள் பக்கம் திரும்பி அட்டையைத் தலைக்கு மேல் தூக்கினாள். நாங்கள் அனைவரும் அதைப் படித்தோம். அவள் கை ஒரு சாண் இறங்கியது, நான் அடித்தேன், பாட்டு பிறந்தது. செனோ அட்டையைப் பார்த்தான், நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தான், எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே கத்தினான்.

"அடி, அடி, இயோரி!"

முந்நூறு பேர் பின்னால் கத்தினார்கள். இயோரி. ஹமானோவுக்கு இட்ட அந்தப் பெயரை, வீட்டுக்கு வெளியே அன்றுவரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. வகானாவின் கண்கள் விரிந்தன. மெதுவாக அட்டையின் மேல்விளிம்பை முன்னால் சாய்த்துத் தலைகீழாகப் படித்துப் பார்த்தாள். மூலத்தாளின் மூலையில் தனக்காக எழுதி வைத்ததை, குலுங்கும் பேருந்தில் அப்படியே பெரிய எழுத்தில் இறக்கிவிட்டிருந்தாள். காது இரண்டும் சிவந்தன, பிறகு கழுத்து. கடைசிப் படியிலிருந்த எனக்கே தெரிந்தது.

ஆனால் அட்டையை இறக்கக் கூடாது. ஆட்டக்காரன் கட்டத்தில் நிற்கும் வரை அது மேலேயே இருக்க வேண்டும். அதுதான் வேலை.

ஹமானோ கட்டத்துக்குள் கால் வைத்தவன், பாட்டைக் கேட்டு ஒரு காலை வெளியே எடுத்தான். நடுவர் அவனைப் பார்த்தார். அவன் ஹெல்மெட்டைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் உள்ளே வந்தான். முதல் பந்தை விட்டான். இரண்டாவதைக் கோட்டுக்கு வெளியே அடித்து ஃபவுலாக்கினான்; அதற்கு அவுட் கிடையாது. அடுத்தடுத்து வந்ததையெல்லாம் ஓரமாகத் தட்டித் தட்டி வெளியே தள்ளினான். ஒன்றைக்கூட நேராக அடிக்க முடியவில்லை, ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவும் இல்லை. பதினொரு பந்து. பாட்டு சுற்றிச் சுற்றி வந்தது; ஐந்தாவது சுற்றுக்குள் பெற்றோர்களும் கற்றுக்கொண்டார்கள், டிராம்போன் வழுக்கும் இடத்தில் மொத்தப் படியும் சேர்ந்து வழுக்கியது. அத்தனை நேரமும் முந்நூறு பேர் இயோரி இயோரி என்று கத்த, தன் ரகசியத்தைத் தன் இரண்டு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வகானா நின்றாள். அட்டை ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. வெற்றியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் அந்தக் கைகளை நான் மறக்க மாட்டேன்.

பன்னிரண்டாவது பந்து உயரமாக எழும்பி இடதுபக்க ஆட்டக்காரனின் கையுறைக்குள் போய் விழுந்தது. பாட்டு நின்றது.

வழக்கப்படி அணி எங்கள் படிகளுக்கு முன்னால் வரிசையாக வந்து தொப்பியைக் கழற்றிக் குனிந்தது. பலர் அழுதுகொண்டிருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்த பிறகும் ஹமானோ போகவில்லை. மேலே பார்த்து, ஒரு விரலை உயர்த்தி, எழுதியது யார் என்பதுபோல் கையை விரித்தான். குழுவில் முப்பத்தேழு பேரும் ஒரே ஆளைக் காட்டினோம். அந்த ஆளின் முகத்துக்கு முன்னால் ஓர் அட்டை இருந்தது.

மைதானத்துக்கு வெளியே லாரியில் வாத்தியங்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். செனோ குரல் போய்விட்ட தொண்டையோடு ஒவ்வொரு பேஸ்பால் பையனிடமும் "இயோரிய பாத்தியா?" என்று கேட்டுக் கலாட்டா பண்ணிக்கொண்டிருந்தான். இயோரியே அவனைத் தள்ளிவிட்டு எங்கள் பக்கம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"தோகுரா."

வகானா கையிலிருந்த அட்டையைச் சட்டென்று முகத்துக்கு முன்னால் தூக்கினாள். பொதுப் பாட்டுக்கான அட்டை. அவன் அதனிடமே பேசினான்.

"ஆறாவது எடத்துல டிராம்போனும் வழுக்கிடுச்சே."

"தப்பு இல்ல" என்றது அட்டை. "நீ விசில் அடிக்கிறது அப்படித்தான்."

"நீ வாசிக்கிறதே அப்படித்தானே?"

"அது சீவாளி புதுசா இருக்கறப்ப. பழகிட்டா அந்த சுரம் நிக்கும். நின்னதும் அந்த மெட்ட வாசிக்கறத நிறுத்திடுவேன்." அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அவன் அட்டையை நெருங்கி வந்தான். "அப்ப நின்னத நான் கேட்டதே இல்லையே."

லாரிக்காரர் கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டார். நான் பொறுங்கள் என்று கை காட்டினேன். அட்டை மெல்ல இறங்கியது. நெற்றி, கண், மூக்கு. நான்கு நாளாகச் சுமந்து திரிந்த கேள்வி அது இல்லை, வேறு கேள்வி. ஆனால் அவளே, வாயால், அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கேக்கறியா?"

அந்த விடுமுறை முழுக்க ஹமானோ நூலகத்தில் படிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தான். நூலகம் தெற்குக் கட்டடத்தில் இருக்கிறது. அவன் மைதானத்து வேலியோர நிழலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். மேலே ஜன்னலில் வகானா வாசித்தாள். நாணல் பழகி, சுரம் வழுக்காமல் நின்ற நாளுக்குப் பிறகும் அவள் மெட்டை நிறுத்தவில்லை. அவன் கீழே இருந்து அதையே திருப்பி விசிலடித்தான், பழைய வழுக்கலோடு. எத்தனை தடவை கேட்டும் திருந்தவில்லை. திருந்த விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்டு இருபதாம் தேதி வாக்கில் ஒரு மதியம், அவள் வாசித்து முடித்து வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கீழே இருந்து குரல் வந்தது.

"வகானா."

மொட்டையாக. மைதானத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த இளைய பையன்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அட்டைகள் அலமாரியில் இருந்தன, கைக்கெட்டும் தூரம்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"வரேன்" என்றாள்.

அது கீழே கேட்டது. அவன் கையைச் சுழற்றினான். மூன்றாம் மாடியிலிருந்து தரைக்குச் சத்தம் போய்ச் சேர ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு ஆகும். நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

யாரையும் தொடவிடாத ஓபோவை என் கையில் திணித்துவிட்டு அவள் படியிறங்கி ஓடினாள். காலடிச் சத்தம் கீழே போய் அடங்கியது. ஜன்னல் வழியாக வந்த வெயில் மேசையின் பாதியைப் பிடித்திருந்தது. நான் ஓபோவைத் தூக்கி நிழல் பக்கம் வைத்தேன்.